விரிசல் கண்ட அலுமினிய எஞ்சின் கூட்டைச் செப்பனிடுதல்

1903ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் டேட்டன் நகரில், ரைட் சகோதரர்களின் சைக்கிள் பட்டறையில் ஒரு சிறிய எஞ்சின் சோதித்துப் பார்க்கப்பட்டது. நான்கு சிலிண்டர்களைக் கொண்ட அந்த எஞ்சினை அவர்களிடம் பணியாற்றிய சார்லி டெய்லர் என்னும் கைவினைஞர் ஏறத்தாழ ஆறு வாரங்களில் செய்து முடித்திருந்தார். எடையைக் குறைக்கும் பொருட்டு அதன் கூடு அலுமினியத்தில் வார்க்கப்பட்டிருந்தது. சோதனையின் இரண்டாம் நாளில், கசிந்து சொட்டிய பெட்ரோலினால் தாங்கிகள் இறுகிப் பிடித்துக்கொண்டன; எஞ்சினின் கூடும் சட்டமும் உடைந்துபோயின. புதிய வார்ப்பு ஏப்ரல் திங்களில் வந்து சேரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அவ்விமானம் நான்கு முறை பறந்தது. நான்காம் முறை தரையிறங்கிய பின்னர்ப் பெருங்காற்று அதனைப் புரட்டியடித்தபோது, எஞ்சினின் கால்கள் மீண்டும் முறிந்தன.

உடைந்த அலுமினிய வார்ப்பை மீண்டும் ஒன்றுசேர்க்கத் தக்க நம்பகமான முறை அக்காலத்துப் பட்டறைகளுக்குக் கிட்டியிருக்கவில்லை. உடைந்தால் புதிதாக வார்ப்பதே வழி. இன்றோ நிலைமை வேறு. மோட்டார் சைக்கிள், ஆட்டோ ரிக்ஷா, நீர் இறைக்கும் எஞ்சின், படகு எஞ்சின் ஆகிய பலவற்றின் கூடுகள் அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆனவையே. அவற்றில் விரிசல் காணும்போது, முறையறிந்த கைவினைஞர் அதனைச் செப்பனிட்டுப் பல ஆண்டுகள் உழைக்கச் செய்ய முடியும். முறையறியாதவர் கைபட்டால், சிறு விரிசல் பெரும்பிளவாகிக் கூடு முழுவதும் பயனற்றுப் போகும். உற்பத்தி நின்றுபோன பழைய வண்டிகளுக்கு மாற்றுக் கூடு கிடைப்பது அரிது. அந்த வண்டியையே நம்பிப் பிழைப்பவருக்கு இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

கூட்டின் உலோகம்

எஞ்சின் கூடு என்பது கிராங்குத் தண்டையும் பல்லிணைகளையும் தாங்கி நின்று, மசகெண்ணெயை உள்ளே தேக்கி வைத்திருக்கும் பெட்டியாகும். கிராங்குத் தண்டு சுழலும்போது தாங்கிகளின் வழியே வரும் விசைகள் யாவும் கூட்டின் சுவர்களைச் சென்று சேர்கின்றன. எனவே கூடு உறுதியாகவும், கசிவற்றதாகவும், தாங்கித் துளைகள் ஒரே நேர்கோட்டில் அமைந்ததாகவும் இருத்தல் வேண்டும். செப்பனிட்ட பின்னரும் இம்மூன்று பண்புகளும் நிலைபெற வேண்டும். உடைந்த இடத்தை ஒட்டவைப்பது மட்டுமே செப்பனிடுதல் ஆகாது.

அலுமினியத்தின் அடர்த்தி இரும்பின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அது வெப்பத்தை நன்கு கடத்துவதால் எஞ்சினின் சூடு விரைவில் வெளியேறுகிறது. ஆயினும் தூய அலுமினியம் மென்மையானது. அச்சினுள் பாய்ந்து நிரம்புவதிலும் குறையுடையது. ஆகவே வார்ப்புக்குச் சிலிக்கன் சேர்க்கப்படுகிறது. எஞ்சின் கூடுகளில் சிலிக்கன் பெரும்பாலும் 5 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். உறுதிக்காகச் சிறிதளவு மக்னீசியமோ, 3 அல்லது 4 சதவீதம் செம்போ சேர்க்கப்படுவதும் உண்டு.

ரைட் சகோதரர்களின் எஞ்சின் கூட்டில் சிலிக்கன் முதன்மைச் சேர்க்கை அன்று. 8 சதவீதம் செம்பு இருந்தது. செம்பு கலந்த அலுமினியம் தகுந்தவாறு சூடேறிக் குளிரும்போது, கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்கள் உலோகத்தினுள் படிந்து அதற்குக் கடினத்தன்மை அளிக்கின்றன. அலுமினியம் இவ்வாறு கடினமாவதை ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வில்ம் 1906ஆம் ஆண்டில்தான் கண்டறிந்தார். எனினும் ரைட் எஞ்சினின் கூட்டில் அத்தகைய துகள்கள் படிந்திருந்தமை 1990களில் நடந்த ஆராய்ச்சியால் தெரியவந்தது. காரணம் அறியாமலே அந்த வார்ப்புத் தொழிலாளர்கள் நல்லதோர் உலோகத்தை உருவாக்கியிருந்தனர் என்பது இதனால் விளங்கும். செப்பனிடுவோர் இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கூட்டின் வலிமை அதன் கலவையில் மட்டுமன்றி, அது பட்ட சூட்டிலும் அடங்கியிருக்கிறது. மிகைச் சூடு அவ்வலிமையைக் கெடுத்துவிடும்.

விரிசல் தோன்றும் காரணங்கள்

விரிசலைச் செப்பனிடுமுன் அது ஏன் தோன்றியது என்று ஆராய்தல் இன்றியமையாதது. காரணம் நீங்காவிடில், செப்பனிட்ட இடத்திற்கு அருகிலேயே கூடு மீண்டும் விரிசல் காணும்.

மோட்டார் சைக்கிள்களில் அடிக்கடி நேரும் விபத்து ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பின்சக்கரத்தை ஓட்டும் சங்கிலி தேய்ந்து, ஓட்டத்தில் அறுந்துவிடுகிறது. அறுந்த முனை முன்புறப் பற்சக்கரத்தோடு சுற்றிவந்து, பற்சக்கரத்திற்கும் கூட்டின் சுவருக்கும் இடையிலுள்ள சிறு வெளியில் திரள்கிறது. நெருக்குண்ட சங்கிலி சுவரை உள்நோக்கித் தள்ள, 4 அல்லது 5 மில்லிமீட்டர் கனமுள்ள அந்தச் சுவர் பிளந்து எண்ணெய் வழிகிறது. இங்கு குற்றம் கூட்டினுடையதன்று, தேய்ந்த சங்கிலியினுடையது. சங்கிலியையும் பற்சக்கரத்தையும் மாற்றாமல் கூட்டை மட்டும் செப்பனிடுவதால் பயனில்லை.

எண்ணெய் வடிக்கும் திருகை அளவுக்கு மீறி இறுக்குதல், கூட்டின் இரு பாதிகளைப் பிரிக்கும்போது இடையில் திருப்புளியைச் செருகி நெம்புதல், கல் தாக்குதல், இணைப்புத் தண்டு முறிந்து உள்ளிருந்து மோதுதல் ஆகியவையும் காரணங்களாகலாம். நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின்களில், இமயமலைப் பகுதி போன்ற உறைபனி இடங்களில், உள்ளே தங்கிய நீர் பனிக்கட்டியாகும்போது பருமனில் சுமார் 9 சதவீதம் விரிந்து சுவரைப் பிளந்துவிடும்.

இவற்றினும் நுட்பமானது சோர்வினால் வரும் விரிசல். எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால், கூட்டின் காதுகள் இடைவிடாது அதிர்கின்றன. ஒருமுறை வரும் விசை சிறிதே யாயினும், அது பல இலட்சம் முறை திரும்பத் திரும்ப வரும்போது உலோகம் சோர்ந்து விரிகிறது. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் குறைந்த விசையை எத்தனை முறை தாங்கினாலும் அது முறிவதில்லை. அலுமினியத்திற்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. ஆகவே அலுமினியக் கூட்டில் தளர்ந்த போல்ட்டு ஒன்றையும் அசட்டை செய்தல் ஆகாது.

விரிசலின் முனையைக் காணல்

கண்ணுக்குத் தெரியும் விரிசல் அதன் முழு நீளம் அன்று. முனைகள் மயிரிழையினும் மெல்லியனவாய் உலோகத்தினுள் மேலும் சென்றிருக்கும். அவற்றைக் காண எளிய முறை ஒன்றுண்டு. கூட்டை நன்கு துடைத்து, விரிசல் உள்ள பகுதியில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். பின்னர் மேற்பரப்பை உலரத் துடைத்து, சீமைச்சுண்ணாம்புத் தூளைச் சாராயத்தில் கரைத்து மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். சாராயம் உலர்ந்ததும், விரிசலினுள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் வெண்பூச்சில் ஊறி வெளிவந்து, கருநிறக் கோடாகத் தோன்றும். அக்கோடு முடியும் இடமே விரிசலின் முனை. இதே தத்துவத்தில் அமைந்த செந்நிறச் சாயக் கரைசல்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை இன்னும் நுண்ணிய விரிசல்களையும் காட்டும்.

முனையைக் கண்டபின், அதற்குச் சற்று அப்பால் சுமார் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று இடப்படுகிறது. கூரிய முனையில் விசை முழுவதும் ஒரு புள்ளியில் குவிவதால்தான் விரிசல் முன்னேறுகிறது. வட்டமான துளையின் விளிம்பில் விசை பரவிவிடுவதால், பற்றவைக்கும் சூட்டில் விரிசல் மேலும் ஓடாமல் நிற்கும். முனையைத் தவறவிட்டு நடுவில் துளையிட்டால் இம்முயற்சி வீணாகும்.

அலுமினியமா, மக்னீசியமா?

வேலை தொடங்குமுன் உலோகம் இன்னதென்று உறுதிசெய்தல் வேண்டும். சில எஞ்சின் கூடுகள் மக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆனவை. அது அலுமினியத்தினும் இலேசானது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். மக்னீசியத் துருவல்கள் எளிதில் தீப்பற்றிக் கண்கூசும் வெண்ணொளியுடன் எரியும். அத்தீயின்மேல் நீர் ஊற்றினால் ஹைடிரஜன் வெளிப்பட்டுத் தீ மேலும் பெருகும். சுரண்டிப் பளபளப்பாக்கிய இடத்தில் ஒரு துளி காடியை விட்டால், மக்னீசியத்தில் உடனே குமிழிகள் பொங்கும், அலுமினியத்தில் பொங்குவதில்லை. இச்சிறு சோதனை பட்டறையைப் பெருந்தீயிலிருந்து காக்கவல்லது.

எண்ணெயும் ஆக்ஸைடும்

அலுமினிய வார்ப்பைப் பற்றவைப்பதில் தோல்விக்குப் பெருங்காரணம் தூய்மைக்குறைவே. பல ஆண்டுகள் சூடான எண்ணெயில் தோய்ந்த கூட்டில், எண்ணெய் விரிசலினுள்ளும் வார்ப்பின் நுண்துளைகளினுள்ளும் ஊறியிருக்கும். மேலே துடைத்தால் மட்டும் போதாது. பேரிங்குகள், எண்ணெய்த் தடுப்பு வளையங்கள், போல்ட்டுகள் ஆகிய அனைத்தையும் கழற்றியபின், கூட்டைச் சோப்புக் கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு அசிட்டோனால் துடைத்து, முற்றிலும் உலரவிட்டு, மெல்லச் சூடாக்க வேண்டும். சூட்டில் எண்ணெய் வியர்வைபோல் வெளிவரும். அதனைத் துடைத்து மீண்டும் சூடாக்க வேண்டும். வியர்ப்பது நிற்கும்வரை இதனைச் செய்வது நன்று.

ஒரு வகைத் திரவத்தை மட்டும் முற்றாக விலக்க வேண்டும். டிரைகுளோரோஎத்திலீன் முதலிய குளோரின் கலந்த கரைப்பான்கள் எண்ணெயை நன்கு நீக்குவன. ஆனால் அவற்றின் ஆவி மின்வில்லின் புறஊதாக் கதிரும் சூடும் படும்போது, பாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயுவாக மாறக்கூடும். முதல் உலகப் போரில் போர்க்கருவியாகப் பயன்பட்ட வாயு அது. துடைத்த துணி அருகில் கிடந்தாலும் ஆபத்தே.

இரண்டாவது பகை ஆக்ஸைடு. அலுமினியத்தின் புதுப்பரப்பு காற்றுப் பட்ட மாத்திரத்தில் ஆக்ஸைடு ஏட்டினால் மூடப்படுகிறது. இந்த ஏடே உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. பற்றவைப்போருக்கோ இதுவே இடையூறாகிறது. தூய அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது; வார்ப்புக் கலவைகள் 560 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்குவதும் உண்டு. ஆக்ஸைடு உருக 2,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. எனவே உள்ளே உலோகம் நீராக உருகியிருக்க, மேலே ஆக்ஸைடு ஏடு உருகாத பைபோல் அதனைச் சுற்றி நிற்கும். விரிசலின் இரு கரைகளும் தனித்தனியே உருகினாலும், ஏடு நடுவில் நிற்கும்வரை அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆகவே பற்றவைப்பதற்குச் சற்று முன்னர், துருப்பிடிக்காத எஃகுக் கம்பித் தூரிகையால் பரப்பைத் தேய்க்க வேண்டும். அத்தூரிகை இரும்பைத் தேய்க்கப் பயன்பட்டதாயிருத்தல் கூடாது.

விரிசலைத் திறத்தல்

விரிசலை அப்படியே வைத்து மேலே உலோகத்தைப் படியவைத்தால், அடியில் பிளவு மறைந்து நிற்கும். ஆதலால் விரிசல் நெடுகிலும் V வடிவப் பள்ளம் வெட்டப்படுகிறது. இரு சரிவுகளுக்கும் இடைப்பட்ட கோணம் 60 முதல் 90 டிகிரி வரை இருக்கலாம். சுவரின் இருபுறமும் கையெட்டுமாயின், ஒருபுறம் பற்றவைத்தபின் மறுபுறத்தையும் நல்ல உலோகம் தெரியும்வரை தோண்டி நிரப்புதல் சிறந்தது. வெட்டுவதற்குச் சுழலும் கார்பைடு முனையோ கூரிய உளியோ ஏற்றவை. சாதாரணச் சாணைச் சக்கரத்தில் மென்மையான அலுமினியம் அப்பிக்கொள்வதோடு, சக்கரத்தின் துகள்களும் உலோகத்தில் பதிந்துவிடும்.

பள்ளம் வெட்டுகையில் வெளிவரும் சீவல்கள் இருபிரிவாகப் பிளந்து விழுந்தால், விரிசல் இன்னும் அடியில் இருக்கிறது என்று பொருள். ஒரே சீவலாக வரும்போதுதான் நல்ல உலோகம் எட்டப்பட்டது. அனுபவமிக்க கைவினைஞர் கருவியைவிட இந்தச் சீவலையே நம்புவர்.

முன்சூட்டின் தேவை

அலுமினியம் சூடேறும்போது மிகுதியாக விரிவது. ஒரு டிகிரிக்கு அதன் நீளம் பத்து இலட்சத்தில் சுமார் 23 பங்கு கூடுகிறது. எஃகுக்கு இது 12 பங்கே. 50 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு விரிசல் பற்றவைக்கப்படுவதாகக் கொள்ளலாம். உறைந்த உலோகம் 600 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குக் குளிரும்போது சுமார் 0.65 மில்லிமீட்டர் சுருங்க முயலும். சுற்றியுள்ள கூடு குளிர்ந்த நிலையிலேயே இருந்தால், அது இச்சுருக்கத்திற்கு இடங்கொடாது. 0.65 மில்லிமீட்டர் என்பது அந்த நீளத்தில் 1.3 சதவீதம். வார்ப்பு அலுமினியம் பல வேளைகளில் 2 அல்லது 3 சதவீதம் நீளுமுன்னரே முறிந்துவிடும் என்பதை நினைத்தால், பற்றவைத்த இடத்திற்குப் பக்கத்தில் ‘டக்’ என்ற ஓசையுடன் புதிய விரிசல் தோன்றுவதன் காரணம் புலனாகும்.

கூடு முழுவதையும் முன்னதாகவே 180 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டால், வேறுபட்டுச் சுருங்கும் அளவு சுமார் 0.48 மில்லிமீட்டராகக் குறைகிறது. எஞ்சிய சுருக்கத்தில் கூடு முழுவதும் ஒருங்கே பங்குகொள்கிறது. அத்துடன் முன்சூடு ஈரத்தை ஓட்டி, பற்றவைப்பைத் தொடங்குவதையும் எளிதாக்குகிறது. எஃகைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் அலுமினியத்தில், ஓரிடத்தில் தரும் சூடு உடனே பரவிப் போய்விடுவதால், குளிர்ந்த கூட்டில் உலோகத்தை உருகச் செய்வதே கடினம்.

முன்சூடு 150 முதல் 200 டிகிரி வரை இருத்தல் பொதுவாகப் போதுமானது. இதற்கு மேற்பட்ட சூட்டில் நெடுநேரம் வைத்தால், வெப்பப் பதம் செய்யப்பட்ட வார்ப்பு தன் கடினத்தன்மையை இழக்கும். அலுமினியம் சூட்டால் நிறம் மாறுவதில்லை என்பது நினைவில் நிற்க வேண்டும். இரும்பு சிவந்து எச்சரிக்கை செய்யும். அலுமினியமோ வெள்ளிநிறம் மாறாமலே இருந்து, திடீரென்று சரிந்து விழும். ஆதலின் கண்ணை நம்பாமல், குறித்த வெப்பநிலையில் உருகும் அடையாளக்கோல்களையோ வெப்பமானியையோ கொண்டே சூட்டை அளக்க வேண்டும். சூட்டை அடுப்பில் சீராகத் தருதல் நலம்.

இதே விரிவுப் பண்பு வேறொரு வகையில் துணைபுரிகிறது. 62 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள எஃகுப் பேரிங்கு ஒன்று கூட்டில் இறுக்கமாக அமர்ந்திருப்பதாகக் கொண்டால், இரண்டும் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறும்போது கூட்டின் துளை பேரிங்கைக் காட்டிலும் சுமார் 0.07 மில்லிமீட்டர் அதிகமாக விரியும். பேரிங்கு தானே நழுவி வரும். சம்மட்டியால் அடித்துக் கழற்றுவோர், இல்லாத விரிசலை உண்டாக்குவோர் ஆவர்.

பற்றவைக்கும் முறைகள்

முதலில் பரவிய முறை ஆக்ஸிஜன், அசிட்டிலீன் ஆகிய வாயுக்களின் சுடரால் பற்றவைப்பது. இதில் ஆக்ஸைடு ஏட்டைக் கரைக்க, குளோரைடுகளும் ஃபுளோரைடுகளும் கலந்த இளக்கிப் பொடி பயன்படுகிறது. பட்டறைகளில் இது பிளக்ஸ் எனப்படும். நல்ல கைப்பழக்கம் உடையவர் இம்முறையாலும் சிறந்த பலன் காண்பர். ஆயினும் எஞ்சிய பிளக்ஸ் ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். வெந்நீராலும் தூரிகையாலும் ஒரு துளியும் எஞ்சாமல் கழுவ இயலாத உட்குழிவுகளில் இம்முறை தகாது.

இன்று பெரிதும் விரும்பப்படுவது, டங்ஸ்டன் மின்முனைக்கும் கூட்டிற்கும் இடையே மின்வில்லை எழுப்பி, அதனை ஆர்கன் வாயுவால் சூழ்ந்து காக்கும் முறை. இதன் தொடக்கம் 1940களில் அமெரிக்க விமானத் தொழிலில் நிகழ்ந்தது. நார்த்ராப் விமானக் கம்பெனியைச் சேர்ந்த ரஸ்ஸல் மெரிடித், மக்னீசியத்தைப் பற்றவைக்க ஹீலியம் வாயுவைக் காப்பாகக் கொண்டு இதனை உருவாக்கினார். பின்னர் ஆர்கனும் மாறுதிசை மின்னோட்டமும் சேர்ந்தபோது, அலுமினியத்திற்கு இம்முறை மிகவும் பொருத்தமாயிற்று. மாறுதிசை மின்னோட்டத்தில் கூடு எதிர்முனையாகும் அரைச்சுற்றில், ஆக்ஸைடு ஏடு உடைந்து அகல்கிறது. கூடு நேர்முனையாகும் அரைச்சுற்றில், வெப்பம் உலோகத்தினுள் ஆழ்ந்து செல்கிறது. ஒன்று துடைக்க, ஒன்று உருக்குகிறது; பிளக்ஸ் தேவைப்படுவதில்லை.

சுவரின் கனம் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 40 ஆம்பியர் எனத் தொடக்கக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். 4 மில்லிமீட்டர் சுவருக்கு 160 ஆம்பியர் ஆகும். முன்சூடு தந்திருந்தால் இதனைக் குறைக்கலாம். ஆர்கன் நிமிடத்திற்கு 7 முதல் 10 லிட்டர் வரை பாய்ந்தால் போதும். வாயுவை அளவுக்கு மீறிப் பாய்ச்சினால் சுழல் எழுந்து காற்றை உள்ளே இழுக்கும்.

நிரப்பும் கம்பியின் தேர்வு முக்கியமானது. சிலிக்கன் மிகுந்த வார்ப்புகளுக்கு 5 சதவீதமோ 12 சதவீதமோ சிலிக்கன் உள்ள கம்பியே உகந்தது. அது நன்கு பாய்ந்து பரவும். உறையும் வேளையில் விரியும் இயல்பும் அதற்குக் குறைவு. மக்னீசியம் 5 சதவீதம் கொண்ட கம்பி தகடுகளுக்கு ஏற்றதாயினும், இத்தகைய வார்ப்பில் நொறுங்கும் சேர்மங்களை உண்டாக்கும்.

பற்றவைக்கும் ஒழுங்கு

முதலில் விரிசலின் முனைத்துளைகளை மூட வேண்டும். பின்னர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே மூச்சாகச் செல்லாமல், 20 அல்லது 25 மில்லிமீட்டர் கொண்ட சிறு பகுதிகளாகப் பிரித்துப் பற்றவைத்தல் நன்று. உருகிய குட்டையில் கருநிற அழுக்கு மிதந்தால், கம்பியை ஊட்டாமல் நிறுத்தி, குளிர்ந்தபின் அப்பகுதியைத் தோண்டியெறிந்து மறுபடி தொடங்க வேண்டும். பழைய கூடுகளில் இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்ய நேரலாம். இதில் பொறுமை இழந்து அழுக்கின்மீதே உலோகத்தைக் கொட்டுவோர் கசியும் கூட்டையே திருப்பித் தருவர்.

குமிழிகளுக்குக் காரணம் ஹைடிரஜன். எண்ணெயிலும் ஈரத்திலும் உள்ள ஹைடிரஜன், உருகிய அலுமினியத்தில் நன்கு கரைகிறது. உறைந்த அலுமினியத்தில் அதன் இருபதில் ஒரு பங்களவே கரையும். உறையும் நொடியில் வெளியேற வழியற்ற வாயு நுண்துளைகளாகத் தங்கிவிடுகிறது. அலுமினியம் உறையும்போது பருமனில் சுமார் 6 சதவீதம் சுருங்குவதால், பற்றவைப்பு முடியும் இடத்தில் குழி விழுந்து அதில் விரிசல் பிறக்கும். எனவே முடிவில் மின்னோட்டத்தை உடனே நிறுத்தாமல், படிப்படியாகக் குறைத்து, கம்பியை ஊட்டிக் குழியை நிரப்ப வேண்டும்.

வேலை முடிந்ததும் கூட்டை மணலிலோ கல்நார் கலவாத வெப்பக்காப்புப் போர்வையிலோ வைத்து மெல்லக் குளிரவிட வேண்டும். நீரில் அமிழ்த்துதல் கூடாது. கூட்டின் இரு பாதிகளையும் போல்ட்டுகளால் பிணைத்தோ, கனத்த தட்டையான எஃகுத் தகட்டில் இறுக்கியோ பற்றவைத்தால் கோணல் குறையும்.

அளத்தலும் சோதித்தலும்

செப்பனிட்ட கூடு பார்வைக்கு அழகாக இருப்பது போதாது. இரு பாதிகளும் பொருந்தும் பரப்பைத் தட்டையான தளத்தில் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால் சோதிக்க வேண்டும். தாங்கித் துளைகளின் விட்டத்தையும் நேர்மையையும் அளக்க வேண்டும். துளை தளர்ந்திருந்தாலோ விலகியிருந்தாலோ, இயந்திரத்தில் கடைந்து உரிய வளையம் செருகாமல் பேரிங்கைப் பொருத்துதல் தவறு.

கசிவுச் சோதனைக்கு, உட்புறம் மண்ணெண்ணெய் ஊற்றி, வெளிப்புறம் சீமைச்சுண்ணாம்பு பூசிச் சில மணி நேரம் வைத்தல் எளிய வழி. வெண்பூச்சில் கறை தோன்றினால் அவ்விடம் கசிகிறது. எஞ்சின் சிறிது காலம் ஓடிச் சூடேறிக் குளிர்ந்த பின்னர், மீண்டும் ஒருமுறை விரிசல் சோதனை செய்வது சிறந்த பழக்கமாகும்.

பிற வழிகள்

சுமை தாங்காத மூடிகளில் தோன்றும் சிறு கசிவுகளுக்கு, உலோகத்தூள் கலந்த எபாக்ஸிப் பசை போதுமானது. தூய்மை செய்து, சொரசொரப்பாக்கிய பரப்பில் மட்டுமே அது நிலைக்கும். துத்தநாகம் மிகுந்த, 400 டிகிரிக்குக் குறைந்த சூட்டில் உருகும் கம்பிகளும் விற்கப்படுகின்றன. அவற்றால் ஓட்டையை அடைக்கலாம். தாங்கி இருக்கைகளையும் எஞ்சினைத் தாங்கும் காதுகளையும் அவற்றை நம்பி விடலாகாது. மேலும், துத்தநாகம் படிந்த இடத்தைப் பின்னர் மின்வில்லால் பற்றவைக்க முயன்றால், அது ஆவியாகிப் புகைந்து நுண்துளைகளை உண்டாக்கும். தற்காலிகமாகச் செய்த வேலை நிலையான வேலைக்குத் தடையாவது இவ்வாறே.

செப்பனிடத் தகாதவை

எல்லா விரிசல்களும் செப்பனிடத் தக்கவை அல்ல. தாங்கி இருக்கையின் ஊடே சென்ற விரிசல், பல கிளைகளாகப் பிரிந்த விரிசல், துண்டுகள் காணாமற்போன உடைவு, முன்னரே பலமுறை பற்றவைத்து எங்கும் நுண்துளை நிறைந்த வார்ப்பு ஆகியவற்றில், கூட்டை மாற்றுவதே அறிவுடைமை. பின்சக்கரத்தின் அருகே எண்ணெய் கசியும் மோட்டார் சைக்கிள் வழுக்கி விழக்கூடும். ஓடும் வேளையில் தாங்கி இறுகினால் சக்கரம் நின்றுவிடும். வண்டியை ஓட்டுபவர் பற்றவைத்த தையலைப் பார்ப்பதில்லை. அதை நம்பி ஏறி அமர்கிறார். ஆகவே “இது ஆகாது” என்று சொல்லத் தெரிந்திருப்பதும் கைவினைஞரின் கல்வியில் ஒரு பகுதியாகும்.

காரணத்தை ஆராய்தல், முனையைக் காணல், எண்ணெயை அகற்றுதல், விரிசலைத் திறத்தல், சூட்டை அளத்தல், மெல்லக் குளிர்வித்தல், இறுதியில் சோதித்தல் ஆகிய இவ்வேழு படிகளில் மின்வில் எரிவது சில நிமிடங்களே. எஞ்சிய காலம் முழுவதும் ஆயத்தத்திலும் அளவையிலும் செல்கிறது. அந்த நேரத்தைத் தர மனமுள்ளவரிடம் சென்ற கூடு, பழைய வண்டிக்குள் மீண்டும் அமர்ந்து தன் பணியைத் தொடரும்.